முழுப் பேர்

டிசம்பர் பதினேழு. பொகவந்தலாவையில் மழை.
விமானக் கம்பனி கைப்பேசிக்கு எழுதியிருக்கிறது:
அன்புள்ள திரு. பெரியண்ணன் சத்தியசீலன்,
தங்கத்தில் நீடிக்க உங்களுக்கு
இன்னும் இரண்டு பறப்புகள் தேவை.
முப்பத்தோராம் திகதிக்குள்.
தவறினால் வெள்ளி.

விஜயகௌரிக்கு வாசித்துக் காட்டினேன்.
ஈரச் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள்.
"அப்படின்னா அரைப் பேரு" என்றாள்.

நாற்பது பக்க விதிமுறையை
இதற்குமுன் யாரும்
எனக்கு இப்படி விளக்கியதில்லை.
பதினெட்டுக் கிலோ கொழுந்து, பேர்.
பதினேழே முக்கால், அரை.
கால் கிலோவுக்காக
யாரும் மறுபடி மலை ஏறவிடுவதில்லை;
வானத்தில் விடுகிறார்கள், காசு கட்டினால்.

நான் நிறம் பிரிக்கும் இயந்திரத்துக்கு வைத்தியன்.
மொம்பாசா, சிட்டகாங், கொச்சி, திரும்பவும் மொம்பாசா.
தேயிலையிலிருந்து குச்சியை
ஊதித் தள்ளும் கண்ணாடிக் கண்களைத்
துடைத்துவிட்டு வருவேன்.
முதலாளி வாங்குவது ஆக மலிவான டிக்கட்.
அதற்குப் பறந்த மைலில் கால்வாசிதான் கணக்கு.
மொம்பாசாவில் இறங்கி வேலை முடித்தவன்
அவர்களுடைய ஏட்டில்
மாலைதீவைத் தாண்டியதும்
கடலில் விழுந்துவிட்டான்.

"தண்ணிக் கழிவு" என்றாள் அதற்கு.

அட்டை போன வருடம் தபாலில் வந்தது.
எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது.
தோட்டத்து ஆபீசில் ஏழு மாதம்
உரக் கணக்கின் அடியில் படுத்துக் கிடந்தது.
எடுத்துக் கொடுத்த கிளார்க்
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு,
"இதை அடகுக்கு எடுப்பானா?" என்றார்.

தங்கமென்றால் என்ன தருவான்?
முதலில் ஏறலாம்.
முதல்ல ஏறினவன் முதல்ல போய்ச் சேருவானா?
இல்லை.
பிறகு?
சாய்நாற்காலி. சூப். காலை வரைக்கும் சுடுதண்ணி.
சுடுதண்ணி என்றதும்
நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

அவளிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது.
மொம்பாசாவில் ஒரு பெண்
அட்டையைப் பார்த்ததும் எழுந்து நின்று
அப்பா பெயரையும் என் பெயரையும் சேர்த்து
தடுக்கித் தடுக்கி, விடாமல், கடைசி எழுத்துவரை வாசித்தாள்.
இங்கே நான் கௌரி புருஷன்.
அவள் பெயர்ப்பதிவில் இருப்பதால்தான்
எங்களுக்குக் கூரை இருக்கிறது.

இருபத்தெட்டாம் திகதி மாலேக்குப் பறந்தேன்.
அங்கே எனக்கு வேலையுமில்லை, ஆளுமில்லை.
எதற்காக வந்தீர்கள் என்று கேட்டார் குடிவரவு அதிகாரி.
திரும்பிப் போக, என்றேன்.
இந்தப் பதிலை முன்பே கேட்டவர்போல
முத்திரையைக் குத்தினார்.
கோப்பையில் தொங்கிய தேநீர்ப் பையைக் கிழித்துப் பார்த்தேன்.
குச்சி கலந்திருந்தது.
எங்கோ ஒரு கண்ணை
யாரோ சரியாகத் துடைக்கவில்லை.

டிக்கட்டின் விலை நாற்பத்தைந்து பேர்.
அவள் கேட்கவில்லை, நானாகவே சொன்னேன்:
இருபத்திரண்டு.

அட்டனில் விடியற்காலை பஸ்.
லீக்ஸ் மூட்டைகளுக்கு நடுவே
ஒற்றைக் காலில் நின்றபடி வாசித்தேன்:
வாழ்த்துகள். இன்னொரு வருடம் தங்கம்.
கீழே ஒரு வரி, சின்ன எழுத்தில்:
உங்கள் கணக்கு பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது.

நான் பறந்த நாளில்
மேல்மலையில் மூடுபனி.
பதினாறு கிலோ எடுத்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு மாலை மடுவத்துக்குப் போனேன்.
சாக்கு மாறிப் போகாமலிருக்க
என் பழைய வெள்ளிப் பட்டியை
அதன் கழுத்தில் கட்டியிருந்தாள்:
முன்னுரிமைப் பயணி.
வரிசையில் அவள் பதினோராவது.
கணக்கப்பிள்ளை பட்டியைத் திருப்பிப் பார்த்தார்,
இரண்டு பக்கமும்.
தராசு ஆடி நின்றது.
சாக்குக்கு ஒரு கிலோ கழித்தார்.
பட்டிக்கு எதுவும் கழிக்கவில்லை.